வீடில்லாத நடனங்கள்: ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்காவின் வாழ்வும் ஆக்கமும்

ரவேலின் ‘பொலேரோ’வை ஒருமுறையாவது கேட்காத இசை ரசிகர்கள் குறைவு. மாறாத ஒரே தாளம், திரும்பத் திரும்ப வரும் மெட்டு, கால் மணி நேரம் படிப்படியாக ஏறி முடிவில் வெடிக்கும் வாத்தியங்கள். கச்சேரி மேடையில் இன்று தனித்து ஒலிக்கும் அந்த இசை, நடனத்துக்காக எழுதப்பட்டது. 1928 நவம்பர் 22 அன்று பாரிஸ் ஓப்பராவில் அது முதன்முதலாக ஒலித்தபோது மேடையில் ஒரு ஸ்பானிய மதுக்கூடம் இருந்தது. நடுவே பெரிய மேசை, அதன்மேல் இடா ரூபின்ஸ்டைன் ஆடினார். இசையை எழுதிய ரவேலின் பெயரையும், ஆடவும் செலவு செய்யவும் முன்வந்த ரூபின்ஸ்டைனின் பெயரையும், அரங்கை வரைந்த பெனுவாவின் பெயரையும் இசை வரலாறுகள் தவறாமல் சொல்கின்றன. அந்த ஆட்டத்தை அமைத்த ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்காவின் பெயர் பல இடங்களில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

எழுத்தாளருக்கு அச்சு உண்டு, ஓவியருக்குத் திரை உண்டு, இசையமைப்பாளருக்குச் சுரக்குறிப்பு உண்டு. நடன அமைப்பாளரின் ஆக்கமோ ஆடுபவரின் உடலில்தான் வாழ்கிறது. அந்த உடல்களை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் கூட்டிவைத்து, பழையவர் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வழிசெய்யும் நிறுவனம் ஒன்று வேண்டும். நிஜின்ஸ்கா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் அவருடைய நடனங்களில் இரண்டே இரண்டுதான் உலக நடனக் குழுக்களின் கையிருப்பில் தொடர்ந்து இருக்கின்றன. அண்ணனின் நிழல் அவரை மறைத்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து.

அண்ணனிடமிருந்தே தொடங்கலாம், தவிர்க்க முடியாது. அவர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி. இருவரும் போலந்து நாட்டு நடனக் கலைஞர்களான தோமாஷ், எலியனோரா தம்பதியின் பிள்ளைகள். ருஷ்யப் பேரரசின் ஊர் ஊராக, நாடக அரங்குகளிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் ஆடிப் பிழைத்த குடும்பம். அப்படியொரு பயணத்தில் மின்ஸ்க் நகரில் ப்ரோனிஸ்லாவா பிறந்தார். பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1890 டிசம்பர் இறுதி, இன்றைய கணக்கில் 1891 ஜனவரி 8. தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்துபோக, தாய் மூன்று குழந்தைகளோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறினார். மூத்தவன் ஸ்தானிஸ்லாவ் மனநோயால் மருத்துவமனை சேர, இளையவர்கள் இருவரும் அரசு நாடகப் பள்ளியில் சேர்ந்தார்கள், வாஸ்லாவ் 1898இல், தங்கை 1900இல். ருக்மிணி தேவியை இந்திய நடனத்தின் பக்கம் திருப்பிவிட்ட அன்னா பாவ்லோவா வழியாக நாம் அறிந்த பள்ளி அது. பாவ்லோவா இவர்களுக்கு முன்பே அங்கே பயின்றவர்.

1908இல் தேர்ச்சி பெற்ற ப்ரோனிஸ்லாவா மாரின்ஸ்கி அரங்கில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு செர்கே தியாகிலெவ் பாரிஸுக்குக் கூட்டிச்சென்ற குழுவில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். ‘பாலே ரூஸ்’ என்று உலகம் அறிந்த அந்தக் குழு ஐரோப்பியக் கலையையே புரட்டிப்போட்டது. 1911இல் ஓர் ஆடை விவகாரத்தைக் காரணம் காட்டி மாரின்ஸ்கி நிர்வாகம் வாஸ்லாவை வேலைநீக்கம் செய்தபோது தங்கையும் ராஜினாமா செய்தார். அரசுக் கலைஞர் என்ற தகுதியும் அதோடு போயிற்று. இருபது வயதுப் பெண்ணுக்கு அது சிறிய இழப்பல்ல.

அண்ணன் நடன அமைப்பாளராக மாறியபோது முதல் பரிசோதனைகள் நடந்தது தங்கையின் உடலில்தான். ‘ஃபான்’ நடனத்தின் கோணலான, பக்கவாட்டில் தட்டையாகத் தெரியும் அசைவுகளை வாஸ்லாவ் வீட்டில் வைத்து அவர்மேல்தான் செதுக்கினார். ‘வசந்தச் சடங்கு’ நடனத்தில் பலியாகும் பெண்ணின் ஆட்டமும் ப்ரோனிஸ்லாவாவை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. அவர் கருவுற்றிருந்ததால் 1913 மே 29 அன்று, பாரிஸில் ரகளையோடு நடந்த முதல் அரங்கேற்றத்தில் மரியா பில்ட்ஸ் ஆடினார். தங்கை கர்ப்பமானதையே தனக்கிழைத்த துரோகம்போல எடுத்துக்கொண்டு வாஸ்லாவ் சீறியதைத் தன் நினைவுக்குறிப்பில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கலைக்கு இடையூறாக ஒரு பெண்ணின் உடல் பார்க்கப்பட்ட அந்தக் கணத்தை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். பத்து ஆண்டுகள் கழித்து அவர் படைத்த மாபெரும் நடனம், பெண்ணின் உடல்மீது சமூகம் கொண்டாடும் உரிமையைப் பற்றியது.

ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில்தான் அண்ணனிடமிருந்து முற்றிலும் விலகிய ஒரு கலைஞர் உருவானார். இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் உலகப்போர் வெடித்தபோது ருஷ்யா திரும்பிய நிஜின்ஸ்கா, 1915இல் கணவர் கொச்செத்தோவ்ஸ்கியுடன் கீவ் நகருக்குச் சென்றார். அண்ணன் வேறு நாட்டில். தியாகிலெவ் எட்டாத தூரத்தில். புரட்சி, உள்நாட்டுப் போர், அடுத்தடுத்து மாறிய அரசுகள், பசி. கணவர் பிரிந்தார். கைக்குழந்தையோடும் சிறுமி இரினாவோடும் வயதான தாயோடும் இருந்தபடி 1919இல் ‘இயக்கப் பள்ளி’ என்ற பெயரில் ஒரு நடனப் பள்ளியைத் திறந்தார். பின்னாளில் பாரிஸ் ஓப்பராவை ஆளப்போகும் செர்கே லிஃபார் முதலில் நடன ஆசை கொண்டது அங்கேதான்.

கீவ் அப்போது நவீன ஓவியர்களின் நகரம். அலெக்ஸாந்த்ரா எக்ஸ்தரின் ஓவியக்கூடமும் வாதிம் மெல்லரின் கோடுகளும் நிஜின்ஸ்காவுக்கு மேடையைப் புதிதாகக் காட்டின. வட்டம், முக்கோணம், சாய்கோடு, விசை என்று ஓவியர்கள் பேசியதை அவர் உடலுக்குக் கொண்டுவந்தார். நடனத்துக்குக் கதை தேவையில்லை, அசைவே அதன் பொருள் என்ற முடிவுக்கு வந்து அதைக் கோட்பாடாகவும் எழுதினார். நின்றுகொண்டிருக்கும் நிலைகளைக் கோத்துவிட்டால் நடனம் ஆகிவிடாது, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஓட்டத்தில்தான் அது இருக்கிறது என்பது அந்தக் கோட்பாட்டின் சாரம். லிஸ்ட்டின் இசைக்கு அவர் அங்கே அமைத்த நடனங்கள் கதையற்றவை. இருபதாம் நூற்றாண்டின் கதையற்ற பாலே என்றால் ஜார்ஜ் பாலஞ்சின் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பாதையில் கீவில் ஒரு பெண் அதற்கு முன்பே நடந்திருக்கிறார். பார்த்தவர்கள் சிதறிப்போனார்கள், பள்ளி மூடப்பட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை.

அண்ணனுக்கு மனநிலை பிறழ்ந்துவிட்டது என்ற செய்தி தாமதமாகவே வந்தடைந்தது. 1921இல் தாயையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போலந்து வழியாக வியன்னா சென்றார். இனி ஒருபோதும் ஆடப்போவதில்லை என்றாகிவிட்ட அண்ணனைச் சந்தித்தார். அதே ஆண்டில் தியாகிலெவ் அழைத்தார். லண்டனில் ‘உறங்கும் இளவரசி’க்கு உதவ வந்தவர், அடுத்த ஆண்டிலேயே குழுவின் நடன அமைப்பாளர். பாலே ரூஸின் இருபது ஆண்டு வரலாற்றில் அந்த இடத்துக்கு வந்த ஒரே பெண்.

இனி ‘லே நோஸ்’. ருஷ்யக் கிராமத் திருமணத்தைப் பற்றிய இந்த நடனம் ஏறத்தாழ 24 நிமிடம்தான். ஸ்ட்ராவின்ஸ்கி 1914இல் தொடங்கி 1923 வரை இதன் இசையை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் நான்கு பியானோக்கள், தாள வாத்தியங்கள், பாடகர்கள் என்று இறுக்கினார். தியாகிலெவ் மனத்தில் இருந்தது வண்ணமயமான நாட்டுப்புறக் கொண்டாட்டம். ஓவியர் நதாலியா கொஞ்சரோவாவும் பூப்பின்னல்களும் பளிச்சிடும் நிறங்களுமாக ஆடைகளை வரைந்து வைத்திருந்தார். நிஜின்ஸ்கா மறுத்தார். அப்படியென்றால் இந்த நடனம் உனக்கில்லை என்று தியாகிலெவ் கைவிட்டார். மறு ஆண்டு அவரே திரும்பி வந்தார், நிஜின்ஸ்கா கேட்டபடியே. பழுப்பு, வெள்ளை இரண்டே நிறம். எல்லாப் பெண்களுக்கும் ஒரே உடை, எல்லா ஆண்களுக்கும் ஒரே உடை. பின்னணியில் வெறும் சுவரும் ஒரு சிறு சன்னலும்.

மறுப்புக்குக் காரணம் தெளிவானது. அந்தத் திருமணத்தில் கொண்டாட எதுவும் இருப்பதாக நிஜின்ஸ்கா நினைக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவனுக்கு, வேறு வீட்டு உழைப்புக்கு, ஒரு பெண் கைமாற்றித் தரப்படுகிறாள். அவளையோ அவனையோ யாரும் கேட்கவில்லை. நான்கு காட்சிகள்: மணமகளுக்கு ஆசி, மணமகனுக்கு ஆசி, மணமகள் வீட்டைவிட்டுப் புறப்படுதல், விருந்து. முதல் காட்சியில் மணமகளின் நீண்ட பின்னல்களைத் தோழிகள் ஏந்தி நிற்கிறார்கள். மணமாகப்போகும் பெண்ணின் கூந்தல் இங்கே அலங்காரப் பொருளாக இல்லை; அவளைக் கட்டியிழுக்கும் கயிறுபோல நீண்டிருக்கிறது. தோழிகள் தலைமேல் தலை சாய்த்து ஒரு கோபுரம் எழுப்ப, அதன் உச்சியில் மணமகள் தன் முகத்தைக் கைகளில் தாங்கி வைக்கிறாள். விருந்துக் காட்சியில் ஊரே குதித்து ஆடுகிறது. மணமக்கள் மட்டும் உயரமான மேடையில் பெற்றோருடன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு திருமண நடனத்தில் மணமக்களுக்கு ஆட்டமே கிட்டத்தட்ட இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? பெண் பார்க்கும் சடங்கும் சீர்வரிசையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராமத்துப் பெண்கள் கால்விரல் நுனியில் ஆடலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. பாலேயில் விரல் நுனி என்பது அதுவரை தேவதைகளுக்கும் அன்னப்பறவைகளுக்கும் உரியது. காற்றில் மிதக்கும் தோற்றம் தருவது. நிஜின்ஸ்கா அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். பெண்களின் உருவத்தை பைசாந்தியத் திருவுருவ ஓவியங்களைப்போல நீட்டவும், தரையை ஊசியாகக் குத்தவும் அது அவருக்கு உதவியது. மென்மைக்கென்று வளர்ந்த ஓர் உத்தியை அவர் கருவியாக்கினார், அதுவும் மரபைத் தூக்கி எறியாமல். அண்ணன் ‘வசந்தச் சடங்’கில் பாலே மரபையே உடைத்தார். தங்கை மரபின் சொற்களையே வைத்துக்கொண்டு வேறு மொழி பேசினார். பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது இந்த இரண்டாவது வழிதான்.

1923 ஜூன் 13 அன்று பாரிஸ் கெய்த்தே லிரிக் அரங்கில் ‘லே நோஸ்’ அரங்கேறியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மான்டே கார்லோவில் ‘லே பிஷ்’. புலென்க்கின் இசை, மரீ லொரான்சானின் வெளிர்நிற அரங்கு, ஒரு நீலச் சோஃபா, செல்வந்தர் வீட்டு மாலை விருந்து. மேலோட்டமாகப் பார்த்தால் ‘லே நோஸு’க்கு நேரெதிர், அத்தனை இலகு. ஆனால் இங்கும் ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன என்ற கேள்விதான். மூன்று விளையாட்டு வீரர்கள் தசை காட்டித் திரிய, யாரும் அவர்களைப் பெரிதாக மதிப்பதில்லை. குட்டையான நீலச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து விரல் நுனியில் மேடையைக் கடக்கும் உருவம் பையனா பெண்ணா என்று சொல்ல முடியாது. நீண்ட சிகரெட் குழலும் முத்துமாலையுமாக விருந்தளிக்கும் சீமாட்டியாக நிஜின்ஸ்காவே ஆடினார். என் தராசில் ‘லே நோஸ்’ கனமானது. ஆனால் நடன அமைப்பின் நுட்பம் என்று பார்த்தால் ‘லே பிஷ்’ அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

அதே ஆண்டு ஜூனில் ‘லே த்ரேன் ப்ளூ’. மியோவின் இசை, கொக்தோவின் கரு, ஷனேலின் நீச்சல் உடைகள், பிகாசோவின் ஓவியம் பெரிதாக்கப்பட்ட திரைச்சீலை. கடற்கரையில் டென்னிஸ், கோல்ஃப், நீச்சல், கழைக்கூத்து எல்லாம் கலந்த ஆட்டம். டென்னிஸ் வீராங்கனையாக நிஜின்ஸ்கா ஆடினார். நாயகன் ஆன்டன் டாலினின் உடல் வித்தைகளை நம்பியே கட்டப்பட்ட நடனம் அது. அவர் குழுவைவிட்டுப் போனதும் அந்த இடத்தை நிரப்ப ஆளின்றி நடனமும் போயிற்று. இசைத்தட்டு இருக்கிறது, ஷனேலின் உடைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, பிகாசோவின் திரையும் பத்திரமாக இருக்கிறது. ஆட்டம் மட்டும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1989இல், ஆய்வாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய வடிவில்தான் மேடைக்குத் திரும்பியது.

1925இல் நிஜின்ஸ்கா தியாகிலெவைவிட்டு விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர் இளம் பாலஞ்சின். சொந்தக் குழு ஒன்று தொடங்கி, எக்ஸ்தரின் வடிவமைப்புடன், பாக் இசைக்குக் கதையற்ற நடனமொன்றை அமைத்து இங்கிலாந்தின் சிற்றூர்களில் ஆடினார். பணம் தீர்ந்தது, குழு கலைந்தது. பிறகு பாரிஸ் ஓப்பரா, புவெனஸ் ஐரிஸின் கொலோன் அரங்கு, இடா ரூபின்ஸ்டைனின் குழு, 1932இல் மீண்டும் சொந்தக் குழு, 1934இல் ஹாலிவுட்டில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் படம், 1937இல் புதிதாக உருவான போலந்து பாலே. ‘ஹாம்லெட்’டை அமைத்து நாயகனாக அவரே ஆடியதும் இந்தக் காலத்தில்தான். போலந்துக் குழு 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் முதல் பரிசு வென்றது. அதன் பிறகும் அவர் அங்கே நீடிக்க முடியவில்லை, வேறொருவரை நியமித்தார்கள். இவ்வளவுக்கும் நடுவே, 1935இல் பிரான்ஸில் நடந்த கார் விபத்தில் மகன் லேவ் இறந்தான், வயது பதினாறு. மகள் இரினா பலத்த காயமடைந்தார்.

மறதிக்கான காரணங்களை இப்போது எடைபோடலாம். அண்ணனின் புகழ் உண்மைதான். ஆனால் வாஸ்லாவ் 1919க்குப் பிறகு மேடை ஏறவில்லை, அவர் அமைத்த நடனங்கள் நான்கே நான்கு. அந்தப் பெயரின் ஒளி சில கதவுகளை இவருக்குத் திறந்தும்விட்டது. இவர் குணம் கடுமையானது, ஒத்திகையில் அதட்டுவார், பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளமாக வராது, காது மந்தம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. ஆண் அமைப்பாளர்களின் முன்கோபத்தை மேதைமையின் அடையாளமாக எழுதிய அதே காலத்தவர்கள் இதை இவரிடம் குறையாகக் கண்டார்கள். பெண் என்பது காரணம் என்று சொல்வோருக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆனாலும் ஓர் எதிர்ச் சான்றை அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். நிஜின்ஸ்காவின் கீழ் பாலே ரூஸில் ஆடிய நினெட் டி வாலுவா, 1931இல் லண்டனில் ஒரு குழுவை உருவாக்கி அதையே பின்னாளில் ராயல் பாலேயாக வளர்த்தார். அவரும் பெண்தான்.

வேறுபாடு எங்கே? டி வாலுவாவுக்கு லிலியன் பேலிஸ் என்ற அரங்க நிர்வாகியின் கூரை கிடைத்தது; கூடவே காலூன்ற ஒரு நாடும் இருந்தது. பாலஞ்சினுக்கு 1934 முதல் அமெரிக்காவில் ஒரு பள்ளியும், பிறகு நியூயார்க் சிட்டி பாலேயும். லிஃபாருக்குப் பாரிஸ் ஓப்பரா. நாடிழந்து, இரண்டு குழந்தைகளையும் தாயையும் தாங்கி, ஒப்பந்தம் ஒப்பந்தமாக வாழ்ந்த நிஜின்ஸ்காவுக்கு எந்தக் குழுவும் நிலைக்கவில்லை. அப்படியொரு வீட்டை ஒரு பெண் அகதியிடம் ஒப்படைக்கப் புரவலர்கள் தயாராக இல்லாததில் பால்பேதம் இருக்கிறது. ஆக, பெண் என்பதும் அகதி என்பதும் சேர்ந்தே அவரை நிறுவனத்துக்கு வெளியே நிறுத்தின. வரலாற்றாசிரியர் லின் கராஃபோலா 2022இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு இந்தத் திசையில்தான் என்னைத் திருப்பியது.

அமெரிக்காவில் கழிந்த பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940களில் லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளி நடத்தினார். மரியா டால்சீஃப், அவருடைய தங்கை மார்ஜரி, சிட் சாரிஸ் போன்றோர் அங்கே பயின்றார்கள். பாலஞ்சினின் மேடையில் அமெரிக்க பாலேயின் முதல் பெரும் நட்சத்திரமாக ஜொலித்த டால்சீஃபின் அடித்தளத்தைப் போட்டவர் நிஜின்ஸ்கா.

மீட்பும் ஒரு மாணவர் வழியாகவே வந்தது. 1928இல் ரூபின்ஸ்டைனின் குழுவில் சிறு வேடங்களில் ஆடிய ஃபிரெடரிக் ஆஷ்டன், நிஜின்ஸ்காவின் ஒத்திகைகளைப் பார்த்தே தொழில் கற்றதாகப் பிற்காலத்தில் நன்றியோடு சொன்னார். ராயல் பாலேயின் இயக்குநரானதும் 1964இல் ‘லே பிஷ்’, 1966இல் ‘லே நோஸ்’ இரண்டையும் அமைக்க நிஜின்ஸ்காவையே லண்டனுக்கு வரவழைத்தார். எழுபதைத் தாண்டிய வயதில் நிஜின்ஸ்கா ஒவ்வோர் அசைவையும் தானே சொல்லிக்கொடுத்தார். அந்த அழைப்பு வராமல் போயிருந்தால் இன்று இந்த இரண்டும்கூட நம்மிடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். ‘லே நோஸ்’ லண்டனில் மீண்டும் அரங்கேறுவதற்கு ஓராண்டு முன்புதான் அமெரிக்காவில் ஜெரோம் ராபின்ஸ் அதே இசைக்குத் தன் சொந்த நடனத்தை அமைத்திருந்தார். இசை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, நடனம் மறந்துபோனால் நடப்பது இதுதான். ‘பொலேரோ’வுக்கும் இதே கதி. 1961இல் மொரீஸ் பெஜார் அமைத்த வடிவம்தான் இன்று உலகம் அறிந்தது. அதிலும் நடுவே ஒரு மேசை இருக்கிறது.

1972 பிப்ரவரி 21 அன்று கலிபோர்னியாவின் பசிபிக் பாலிசேட்ஸில் நிஜின்ஸ்கா காலமானார். இரினா தாயின் நினைவுக்குறிப்புகளைத் தொகுத்து 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர் ஊராகப் போய் ‘லே நோஸை’யும் ‘லே பிஷ்ஷை’யும் புதிய குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2003இல் ‘லே நோஸ்’ மாரின்ஸ்கி அரங்கை அடைந்தது, அதை அமைத்தவர் ராஜினாமா செய்து வெளியேறிய தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நிஜின்ஸ்கா சேர்த்துவைத்த குறிப்பேடுகளும் வரைபடங்களும் கடிதங்களும் இப்போது வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

நடன வரலாற்றில் அவரை எங்கே வைப்பது என்ற விவாதம் இன்று சூடாக நடக்கிறது. பாலஞ்சினுக்கு இணையானவர் என்கிறார்கள் சிலர். ஒரே ஒரு மகத்தான நடனத்தின் ஆசிரியர் என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்புமே தங்களிடம் இல்லாத சான்றை வைத்துத் தீர்ப்பெழுதுகிறார்கள். பாலஞ்சினைப் பல பத்து நடனங்களை வைத்து அளக்கிறோம். இவரை அளக்க நம்மிடம் முழுதாக இருப்பவை இரண்டு, மறுகட்டமைப்பாக இன்னும் ஓரிரண்டு. கீவின் கதையற்ற நடனங்கள், பாக் நடனம், போலந்துக் குழுவுக்கு அமைத்த ஷோப்பான் நடனம், ‘ஹாம்லெட்’ எல்லாம் மேடைக்கு வெளியேதான் நிற்கின்றன. குறிப்பேடுகளிலிருந்து அவற்றில் ஒன்றையாவது எழுப்பிப் பார்க்க ஒரு குழு முன்வர வேண்டும். அதுவரை அவருடைய வரிசை எண்ணைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்து, ‘லே நோஸ்’ஸும் ‘லே பிஷ்’ஷும் ஆடப்படும் இடங்களில் போய்ப் பார்ப்பதே நியாயம்.